ஈறு நோய் முற்றினால் அதிகம் அடிபடுபவர் யார்? குடியாத்தத்திலிருந்து ஒரு கேள்வி

நெசவாளர் மகன், குடியாத்தம்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஒரு காலையில் இட்லி மென்றுகொண்டிருந்த என் அப்பா, வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது அவருடைய கீழ்க் கடைவாய்ப்பல். வலியும் இல்லை, பெரிதாக இரத்தமும் இல்லை. அந்தப் பல்லைக் கழுவி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சொத்தை என்று சொல்ல ஓர் ஊசிமுனைப் புள்ளிகூட இல்லை. மேற்பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு வேர்களையும் சுற்றி, நுனிவரைக்கும், எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பானையின் அடியில் படிவதைப் போலக் கறுத்த காரை ஒட்டியிருந்தது.

அப்பாவுக்கு வயது 57. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் குழித்தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்தவர். பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பீடி பிடிப்பார். பல் துலக்கும்போது இரத்தம் வருவதாக எப்போதோ சொன்னார். வயதானால் பல் ஆடத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தப் புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. இப்போது அவர் வாயில் இல்லாத பற்கள் மொத்தம் ஏழு. முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துத் தின்கிறார், கறியைத் தவிர்த்துவிடுகிறார்.

ஒரே வீட்டில் ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே பற்பொடியால் துலக்கிய என் அம்மாவுக்கு ஒரு பல்கூட ஆடவில்லை. அப்படியானால் இந்த நோய் யாரை அதிகம் பிடிக்கிறது? எனக்கு 36 வயது, தம்பிக்கு 33. நாங்கள் அஞ்ச வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை

தம்பி, அப்பாவின் நிலையைப் படித்து வருந்தினேன். என் அனுபவத்தில் இது வயதோடும் துலக்கும் பழக்கத்தோடும் வருவது. 'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்று நம் முன்னோர் காரணமில்லாமல் சொல்லவில்லை. என் தாத்தா கடைசிவரை வேப்பங்குச்சிதான் வைத்திருந்தார்; 80 வயதில் கரும்பு கடித்தார். வாயைச் சுத்தமாக வைக்காதவர்களும் முதியவர்களும்தாம் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பது என் கருத்து. மருத்துவம் படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

பல் மருத்துவர், காட்பாடி

ஐயா, நீங்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் இல்லாமல் இந்த நோய் வருவதில்லை. பல் துலக்குவதை நிறுத்தினால், ஆரோக்கியமானவர்களுக்கும் பத்து நாள் முதல் மூன்று வாரங்களுக்குள் ஈறு சிவந்து வீங்குகிறது என்பதும், மீண்டும் துலக்கத் தொடங்கினால் சுமார் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதும் 1965-இலேயே சோதித்து அறியப்பட்டவை. அந்த அளவில் நிற்கும்வரை அது ஈறு அழற்சி, முழுமையாகக் குணமாகும். அழற்சி உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டால், கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. குடியாத்தம் நண்பர் தம் அப்பாவின் கையில் பார்த்தது அந்த நிலையின் முடிவு. எலும்பு முழுவதும் போன பிறகு பல்லைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை, அதனால்தான் வலியில்லாமல் கழன்றது.

ஆனால் அழுக்கு ஒன்றே காரணமென்றால், துலக்காத எல்லோருக்கும் ஒரே அளவில் பல் போக வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதை உலகுக்குக் காட்டியவர்கள், நம் மொழி பேசும் தொழிலாளர்களே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களை ஹெரால்டு லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் பிரஷ் பிடித்தவர்கள் அல்லர். பல் மருத்துவத்தைக் கண்டவர்களும் அல்லர். எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன, எல்லோருடைய ஈறும் அழன்றிருந்தது. ஆயினும் 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. வேகமாக முற்றியவர்கள் 45 வயதை எட்டியபோது பல்லின் பிடிமானத்தில் சராசரியாக 13 மில்லிமீட்டர் இழந்திருந்தார்கள். கடைசிப் பிரிவினர் ஒரு மில்லிமீட்டர்கூட இழக்கவில்லை. அம்மாவுக்குப் பல் ஆடாமல் அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆடியது என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. கிருமி ஒன்றுதான், அதை எதிர்க்கும் உடம்பு ஆளுக்கு ஆள் வேறு.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதியவர்களிடம் இதை அதிகம் காண்பதற்குக் காரணம், பல ஆண்டுகளின் சேதம் அவர்களிடம் சேர்ந்து நிற்பது. நோய் வேகமெடுக்கும் வயதோ முப்பதுகளின் பிற்பகுதி. ஆகவே நண்பரே, அஞ்ச வேண்டிய வயதில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். இருவரும் வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பொறுத்தவரை, அந்த உடம்பின் எதிர்ப்பைக் குலைத்தவை இரண்டு: சர்க்கரையும் பீடியும். கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்லத் தடுமாறுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. அறுந்த இழைகள் மீண்டும் பின்னிக்கொள்வதும் தாமதமாகிறது. இதே லோ 1993-இல் ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லும் நாம், ஈற்றை அந்த வரிசையில் சேர்ப்பதே இல்லை. எனக்கு இதில் உள்ள வருத்தம் பெரிது.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஊழியர்

மருத்துவர் அவர்களே, பீடியைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது, வயது 41. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் புகைத்தேன். காலையில் துலக்கித் துப்பும்போது ஒருநாளும் சிவப்பைப் பார்த்ததில்லை. அதனால் என் ஈறு மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றே நம்பியிருந்தேன். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, பேசும்போது காற்று வந்த பிறகுதான் வேலூருக்குப் போனேன்.

அங்கிருந்த மருத்துவர் ஒரு மெல்லிய கம்பியை ஈற்றோரம் இறக்கினார். அதில் மில்லிமீட்டருக்குக் கோடு போட்டிருக்கிறது. நலமான ஈற்றில் மூன்றுக்குமேல் இறங்காது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அவர் உதவியாளரிடம் எண்களைச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்: நான்கு, ஆறு, ஏழு, எட்டு. எட்டு என்று சொன்னபோது அந்தக் கம்பியின் கறுப்புப் பட்டை முழுவதும் ஈற்றுக்குள் மறைந்திருந்ததைக் கண்ணாடியில் காட்டினார். வலிக்கவே இல்லை. சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றிக்கொண்டேன், ஆனால் அந்த வலியின்மைதான் எனக்கு இன்றும் அச்சமாக இருக்கிறது.

பல் மருத்துவர், காட்பாடி

நீங்கள் எழுதியதை என்னிடம் வரும் புகைப்பவர்கள் அனைவருக்கும் படித்துக்காட்ட விரும்புகிறேன். நிகோட்டின் ஈற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வீட்டில் திருடன் நுழைந்தால் குரைக்க வேண்டிய நாயின் வாயைக் கட்டிவிடுவதைப் போல, கசிந்து எச்சரிக்க வேண்டிய ஈற்றைப் புகை அடக்கிவிடுகிறது. உள்ளே எலும்பு கரைவது நிற்பதில்லை. சிகிச்சை செய்தாலும் புகைப்பவரின் ஈறு மற்றவருடையதைப் போல இறுகிப் பிடிப்பதில்லை. 2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாட்டில், நாளொன்றுக்குப் பத்து சிகரெட்டுக்குக் குறையாமல் புகைப்பவரையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7 விழுக்காடு அல்லது அதற்குமேல் உள்ளவரையும் நோய் மிக வேகமாக முற்றக்கூடியவர்கள் என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். புகையை விட்டவர்களுக்கு ஈறு தேறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பீடி சுற்றியவர் மகள், பேரணாம்பட்டு

எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கணக்கில் ஆண்களுக்கே அதிகம் வருகிறது என்றால் நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் உள்ள சொல் 'அடிபடுபவர்'. யாருக்கு நோய் வருகிறது என்பது ஒரு கேள்வி. வந்த பிறகு யார் அதிகம் இழக்கிறார் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைப் பற்றி எழுதுகிறேன்.

என் அம்மா திருமணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றினார். மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், பக்கத்தில் நனைத்து வைத்த இலைக்கட்டு, கத்தரிக்கோல், நூல். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து போனால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். பிற்பகலில் பசி வந்தால் முறத்திலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்துக் கீழுதட்டுக்குள் அடக்கிக்கொள்வார். எங்கள் தெருவில் பல பெண்களிடம் அந்தப் பழக்கம் இருந்தது. புகைப்பதில்லை என்பதால் யாரும் அவர்களைப் புகையிலைக்காரர்களாக எண்ணவில்லை. மருத்துவர் கேட்டால்கூட 'எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை' என்றுதான் சொல்வார்கள். அடக்கிய இடத்தில் அம்மாவின் ஈறு வெளுத்து, வேர் தெரியும்படி இறங்கிவிட்டது.

மூன்றாவது முறை கருவுற்றிருந்தபோது ஈறு வீங்கித் தலையணையில் இரத்தக் கறை படிந்தது. பிள்ளை பெறும்வரை பல்லில் கை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளை பிறந்த பிறகு நேரமில்லை. பல் மருத்துவரிடம் போக ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் போகும். பலமுறை வரச் சொன்னால் பலநாள் கூலி. வலித்த பல்லைப் பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் முடியும். அதனால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியே 49 வயதில் மேல்வரிசை முழுவதையும் இழந்தார். பல்செட்டுக்குக் காசு சேர்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை திருமண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். போனாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார்.

ஆம்பூர் அண்ணன் தம் பல்லைக் காப்பாற்றிக்கொண்டது குறித்து உண்மையாகவே மகிழ்கிறேன். ஆனால் அவருக்கு விடுப்பு இருந்தது, சம்பளம் இருந்தது. அதே எட்டு மில்லிமீட்டர் என் அம்மாவுக்கு இருந்தபோது கம்பி இறக்கிப் பார்க்க ஆளில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஊழியர்

சகோதரி, நீங்கள் சொல்வது சரி. எனக்கு ஆறு முறை வரச் சொன்னார்கள், ஆறு முறையும் போக முடிந்தது. எங்கள் தொழிற்சாலையில் தினக்கூலிக்கு வரும் பெண்களால் அது முடியாது.

கிராமச் செவிலியர், அணைக்கட்டுப் பகுதி

பேரணாம்பட்டுச் சகோதரி எழுதியதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. மாத்திரையைக் கொடுக்கும்போது 'காலில் புண் இருக்கிறதா' என்று கேட்போம். சில மாதங்களாக, யாரும் சொல்லாமலே, 'பல் துலக்கினால் இரத்தம் வருகிறதா, பல் ஏதாவது ஆடுகிறதா' என்று நான் சேர்த்துக் கேட்டு வருகிறேன். கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். களியையும் குழம்பையும் மட்டுமே உண்டு காலம் தள்ளும் பாட்டிகள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மெல்ல முடியாதவர் காயையும் கீரையையும் பயறையும் விட்டுச் சோற்றையும் களியையும் கூட்டிக்கொள்கிறார். அதனால் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை மீதமுள்ள பற்களின் ஈற்றைக் கெடுக்கிறது.

மருத்துவரிடம் ஒரு கேள்வி. வலிப்புக்கு மாத்திரை எடுக்கும் ஓர் இளைஞனுக்கு ஈறு பல்லையே மூடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இதுவும் அந்த நோய்தானா?

பல் மருத்துவர், காட்பாடி

அது பெரும்பாலும் ஃபெனிட்டாயின் மாத்திரையால் வருவது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் போன்றவற்றாலும் சிலருக்கு அப்படி வளர்கிறது. அந்த மடிப்புகளுக்குள் பிரஷ் போகாததால் பிறகு தொற்றும் சேர்ந்துகொள்கிறது. அந்த இளைஞன் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு திரும்பிவிடும். மாத்திரை எழுதிய மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் அனுப்பிவையுங்கள்.

கருவுற்றிருக்கும் பெண்ணின் பல்லில் கை வைக்கக் கூடாது என்பது தவறான அச்சம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கர்ப்பகாலத்தில் சுரப்புகள் மாறுவதால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். அப்போது பல்லைச் சுத்தம் செய்வது பாதுகாப்பானதே. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை அதற்கு மிகவும் வசதியான காலம்.

செவிலியர் அம்மா, நீங்கள் சேர்த்துக் கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். சர்க்கரையும் ஈறும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளுபவை. ஈற்றின் அழற்சியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. ஈற்றுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏறத்தாழ 0.4 அளவு இறங்குவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

கல்லூரி மாணவி, வேலூர்

எனக்கு 19 வயது. பல் நன்றாகத்தான் துலக்குகிறேன், காரையும் அதிகம் இல்லை. முன்பற்களும் முதல் கடைவாய்ப்பற்களும் மட்டும் ஆடுகின்றன. அக்காவுக்கும் இப்படியே இருந்தது. இந்த வயதில் வருமா?

பல் மருத்துவர், காட்பாடி

வரும், அம்மா. குறைவானவர்களுக்கே வரும் வகை, குடும்பத்தில் தொடர்வதுண்டு. நீ சொன்ன அதே பற்களைத்தான் அது குறிவைக்கும். அழுக்கு குறைவாக இருந்தாலும் எலும்பு விரைந்து கரையும். இந்த வாரமே ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொள். காய்ச்சல், உடல் வெளிறுதல், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள் ஆகியவற்றோடு ஈறு திடீரென வீங்கி இரத்தம் வந்தால் மட்டும் பல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரத்தப் புற்றுநோய் சிலருக்கு அப்படித் தெரியவருகிறது. உனக்கு அது என்று நான் சொல்லவில்லை, படிக்கும் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நெசவாளர் மகன், குடியாத்தம்

அனைவருக்கும் நன்றி. ஒரு தயக்கம் இருக்கிறது. மீதமுள்ள பற்களைச் சுத்தம் செய்தால் அவையும் ஆடிவிடும் என்று அப்பா அஞ்சுகிறார். பக்கத்துத் தறிக்காரருக்கு அப்படி ஆனதாம். என்ன பதில் சொல்வது?

பல் மருத்துவர், காட்பாடி

எலும்பு போன பிறகு, அந்தப் பற்களைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து நிறுத்தியிருந்தது காரைதான். அதை எடுத்தவுடன் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடியும்போது ஈறு சற்று இறங்கி, இடைவெளியும் கூச்சமும் தோன்றும். சில வாரங்களில் ஈறு இறுகும். நீங்கள் பார்த்த அந்தப் பல்லையே அப்பாவிடம் காட்டுங்கள். அந்தக் காரை வேர்நுனிவரை போயிருந்ததே, அது பல்லைக் காத்ததா கழற்றியதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். போகும்போது சர்க்கரை அளவையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் முடிவையும் சொல்கிறேன். நோய் மிகக் கடுமையாக வருவது சர்க்கரை கட்டுப்படாமல், புகையிலையையும் விடாத நடுவயதினருக்கு. பேரணாம்பட்டுச் சகோதரி பிரித்துக் காட்டிய இரண்டாவது கேள்வியை நான் இதுவரை நோயாளியின் வாய்க்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். வந்த பிறகு மிகுதியாக இழப்பவர், நாள் கூலியை விட்டு ஆறு முறை வர முடியாதவரே. அவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அவருடைய அம்மாவைப் போன்றவர்களுக்கு ஆறு முறையை இரண்டு நீண்ட முறையாகச் சுருக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய முடியுமா என்று என் உடன் பணிபுரிவோரிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை

என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். என் தாத்தா அந்த 11 விழுக்காட்டில் ஒருவராக இருந்திருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. நாளை ஈற்றைக் காட்டப் போகிறேன்.

நெசவாளர் மகன், குடியாத்தம்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.6 என்று வந்தது, மருந்தை மாற்றியிருக்கிறார்கள். வலப்பக்கம் சுத்தம் செய்து முடித்தாயிற்று, இடப்பக்கம் அடுத்த வாரம். மூன்று பற்களைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள், மற்றவை நிற்கும் என்று நம்பிக்கை தந்திருக்கிறார்கள். பீடியை நாளுக்கு இருபதிலிருந்து நான்காகக் குறைத்திருக்கிறார். அந்த நான்கையும் விடச் சொல்லி அம்மா தறியருகிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

என் ஈற்றில் எல்லா இடமும் மூன்றுக்குள் இருந்தது. தம்பிக்கு நான்கு கடைவாய்ப்பற்களில் ஐந்து, ஆறு என்று எண் வந்தது. அவனுக்குச் சர்க்கரை இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அன்று மாலையே இரத்தம் கொடுத்தான். முடிவு நாளை காலை வரும்.